தெரியாத உடல், தெரியும் கை: இரும்புக்கை மாயாவியின் ஈர்ப்பு – வடசென்னையிலிருந்து ஒரு வாசிப்பு

1. கேள்வி

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. இதழின் தலைப்பும் நாயகனின் பெயரும் ஒன்றே: இரும்புக்கை மாயாவி. சௌந்திரபாண்டியன் பதிப்பாளர், ஆசிரியப் பொறுப்பில் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அந்த வழியாகத் தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்தார்கள். மூவரும் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே அவர்களை இன்று பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள்தாம் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழில் பல பத்தாண்டுகள் கடந்தும் மறுபதிப்புக் காண்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்களைத் தேடி வருவோர் இன்றும் உண்டு.

பேட்மேன் கதைகளும் பின்னர் தமிழில் வந்தன. உலகம் கொண்டாடிய அமெரிக்க நாயகர்களுக்குக் கிடைக்காத நெருக்கம் இந்த இரண்டாம் வரிசை ஆங்கிலேய மாயாவிகளுக்கு எப்படிக் கிடைத்தது? இந்தக் கட்டுரை இக்கேள்வியை ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் நின்று கேட்கிறது. இந்தக் காமிக்ஸ் வடசென்னைக்கென்று எழுதப்பட்டதில்லை. காரைக்குடியிலும் ஈரோட்டிலும் அதே ஆர்வத்தோடு படித்தார்கள். ஆயினும் இரும்பும் மின்சாரமும் அன்றாடப் பிழைப்பாக இருக்கும் ஊரில் வைத்துப் படிக்கும்போது, மற்ற இடங்களில் கண்ணில் படாத ஒன்று இந்தக் கதைகளில் துலங்குகிறது என்பது என் கருத்து.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ் காமிக்ஸ் பற்றிப் பேசுவோர் வழக்கமாக மூன்று விளக்கங்களில் ஒன்றைத் தருவார்கள். முதலாவது, பால்யத்தின் ஏக்கம். ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் கோடை விடுமுறையைத் திரும்ப விலைக்கு வாங்குகிறார்கள் என்பது இதன் சாரம். இன்றைய மறுபதிப்புச் சந்தையைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் 1972-இல் பத்து வயதாக இருந்தவனுக்கு ஏங்க என்ன பால்யம் இருந்தது? முதல் வாசகர்களின் ஈர்ப்பை இந்த விளக்கம் தொடவே இல்லை.

இரண்டாவது, வடிகால். வறுமையில் உழல்பவர்கள் வல்லமை படைத்தவனைக் கனவு காண்கிறார்கள் என்பது. எம்.ஜி.ஆர். படங்களுக்கும் இதையே சொன்னார்கள். எதற்கும் பொருந்துகிற விளக்கம் எதையும் குறிப்பாக விளக்குவதில்லை. வல்லமை மட்டும்தான் வேண்டுமென்றால் வானில் பறப்பவன் போதும். மின்சாரம் பாய்ச்சிக்கொண்டு மறைந்து, சற்று நேரத்தில் மீண்டும் தெரிந்துவிடுகிறவன் எதற்கு?

மூன்றாவது, இவை அந்நியச் சரக்கு, குழந்தைகளின் மனத்தை மண்ணிலிருந்து பிரிப்பவை என்ற குற்றச்சாட்டு. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்னர் இதற்குத் திரும்புகிறேன். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லவேண்டும். வாசகர் கையில் சரக்கு என்னவாக மாறியது என்பதை இந்த வாதம் பார்ப்பதில்லை. அதற்கு வடசென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது.

3. பிறக்கும்போதே பழையது

மாயாவியின் மூலக்கதை ‘வேலியன்ட்’ என்ற ஆங்கில வார இதழில் 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. கென் பல்மர் எழுதினார். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் டாம் டுல்லி எழுத்தை ஏற்றார். 1970-இல் அந்த முதன்மைத் தொடர் நின்றது. இடையே 1967-இல் ஃப்ளீட்வே நிறுவனம் மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ முதலியோரை வைத்துக் கையடக்கப் புத்தக வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. சுமார் ஓராண்டோடு அதுவும் முடிந்தது. சொந்த ஊரில் நிலைக்காத இந்தக் கையடக்க வடிவம்தான் சிவகாசியில் ஒரு மரபுக்கே அச்சாக அமைந்தது. முத்து காமிக்ஸின் ஆரம்பகால நட்சத்திரங்களான மாயாவியும் ஜானி நீரோவும் அந்த வரிசையின் ஆட்கள்.

ஆகவே 1972-இல் தமிழில் புதிதாக வந்தது இங்கிலாந்தில் ஏற்கெனவே வழக்கொழிந்துகொண்டிருந்த ஒன்று. ஸ்பைடருக்கு இடைவெளி இன்னும் பெரிது: ‘லயன்’ வார இதழில் 1965-இல் தொடங்கி 1969-இல் முடிந்தவன், தமிழில் 1984-இல் அறிமுகமானான். ஆர்ச்சி 1952-இலேயே பிறந்த இயந்திரம். தமிழ் வாசகர் இந்த நாயகர்களைப் புதியவர்களாகப் பார்த்ததே இல்லை. அவர்களின் தொலைபேசி, கார், தொப்பி, ஆய்வுக்கூடம் எல்லாமே வேறொரு காலத்தைச் சேர்ந்தவையாகத்தான் வந்தன. இன்று மேற்கில் பழைய பாணியைத் திட்டமிட்டு மீட்டெடுத்துச் செய்யும் காமிக்ஸ் தருகிற சுவை, தமிழ்ச் சிறுவனுக்கு முதல் நாளிலிருந்தே கிடைத்தது.

திருவொற்றியூரில் இதற்கு இணையான ஒரு வரலாறு இருக்கிறது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அங்கே ஆங்கிலேயரின் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. எழுபதுகள் தொடங்கும்போது தாய் நிறுவனமே இல்லாமற்போனது. திருவொற்றியூர் தொழிலாளர்கள் அந்தப் பழைய வடிவத்தைத் தொடர்ந்து வார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1977-இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. எண்ணூரின் அசோக் லேலண்டுக்கும் சாயலில் இதே கதை: 1948-இல் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் லேலண்டின் பெயர், பிறகு ஆங்கிலேய லேலண்ட் சிதைந்த பின்னும் நீடித்த இந்திய வாழ்வு.

புல்லட்டையும் மாயாவியையும் நான் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் பேரரசு கழித்துவிட்ட ஒன்றை இங்குள்ள உழைப்பு எடுத்து, தன் தேவைக்குப் பழக்கி, அசல்காரர்கள் மறந்த பிறகும் உயிரோடு வைத்திருக்கிறது. புல்லட்டை யாரும் இன்று அந்நிய வண்டி என்று சொல்வதில்லை. 2018-இல் ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃப்ளீட்வே உரிமைகளை வாங்கி, 2021-இல் மாயாவியையும் ஸ்பைடரையும் ஆங்கிலத்தில் மீட்டுப் பதிப்பித்தபோது, தமிழில் அவை மறுபதிப்புக் கண்டே சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

4. கை

இனி கதைக்குள் வருவோம். லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாள். பேராசிரியர் பாரிங்கருக்குக் கீழே வேலை. முன்பு நேர்ந்த விபத்தில் வலது கை போயிற்று; இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். ஒருநாள் இயந்திரம் வெடித்து மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடல் மறைகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை.

சூப்பர்மேன் வேற்றுக்கோளில் பிறந்தவன், பேட்மேன் பெருஞ்செல்வன். மாயாவியின் வரலாறு ஒரு பணியிட விபத்தில் தொடங்குகிறது. அவன் கையை இழந்தது வேலையில். வல்லமை கிடைத்ததும் வேலையில்தான். காமிக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் நான் எங்கும் அழுத்திச் சொல்லக் காணாத விவரம் இது.

ஆலைப்பகுதியில் கையின் விலையைச் சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு: 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் முதல் அட்டவணை உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் போனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைகிறது என்று கணக்கிடுகிறது. இரண்டு கையும் போனால் 100. ஒரு கை போனால் 60. நான்கு விரல் 50. கட்டைவிரல் 30. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. பவர் பிரஸ்ஸும் லேத்தும் ஓடுகிற தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு விரல் குறைந்த கை அரிய காட்சியன்று. “பிரஸ்ல விரலு போச்சு” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டுத் தேநீர்க் குவளையை மிச்ச விரல்களால் பிடிக்கிற பெரியவரை அங்கே எவரும் பார்த்திருப்பார்கள்.

அட்டவணை கையைக் கழித்தலாகப் பார்க்கிறது. மாயாவி கதையில் அது கூட்டலாகிறது. போன கைக்குப் பதில் வந்த கை முன்னதைவிட வலிது. கதை வளர வளர அதன் விரல்களில் துப்பாக்கியும் பிற கருவிகளும் வந்து சேர்கின்றன. இழப்பு நடக்காததுபோல் கதை பாவனை செய்வதில்லை. இரும்பு எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அதை மறைக்க அவனால் முடியாது. அதனாலேயே எதிரிகளிடம் மாட்டுகிறான். அதனாலேயே தப்புகிறான்.

இன்னும் ஒரு படி போகலாம். உடல் முழுவதும் மறைந்து, கை மட்டும் தெரிகிற மனிதன் யார்? ஆலை வாசலில் ஷிப்டுக்கு நுழைகிற ஒவ்வொருவரும் ஏறத்தாழ அந்த நிலையில்தான் உள்ளே போகிறார்கள். அவர்களுடைய சாதி, பசி, பாட்டு, வீட்டுக் கவலை எதுவும் இயந்திரத்துக்குத் தெரியாது, நிர்வாகத்துக்கும் வேண்டாம். வேண்டியது கை. சட்டத்தின் அட்டவணைகூட அதைத்தான் எண்ணுகிறது. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் அந்தரத்தில் மிதந்து வந்து நெம்புகோலை இழுக்கும் தனிக் கை, தொழிலாளியின் இந்த நிலையைத் தலைகீழாக்குகிறது. காணாமற்போவது இங்கே அவனுக்கு இழைக்கப்பட்ட ஒன்றாக இல்லை. அவன் கையிலெடுத்த ஆயுதமாகிறது.

பத்து வயதுச் சிறுவன் இப்படியெல்லாம் யோசித்தான் என்று நான் வாதிடவில்லை. அவன் யோசிக்கவேண்டிய தேவையும் இல்லை. அப்பாவின் சட்டையில் கிரீஸ் வாசனையை முகர்ந்தவனுக்கு இரும்புக் கை ஒரு கற்பனைப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பதே வாதம். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970-இல் இயங்கத் தொடங்கியது. மாயாவி தமிழுக்கு வந்தது 1972-இல். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனாலும் மின்சாரம் உடம்பில் ஏறினால் ஆளையே மாற்றிவிடும் என்ற கதையை, புகைபோக்கிகள் எழுந்துகொண்டிருந்த கரையில் படிப்பது வேறு அனுபவம். அந்தப் புகைபோக்கிகளின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் என்ன செய்தது என்பதை மீனவர்கள் பின்னால் கண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளைவிட்டு ஓடியதும் நினைவிருக்கும் எவரும், நச்சும் மின்சாரமும் மனிதனுக்கு வல்லமை தரும் என்ற கதையை இனி வெகுளியாகப் படிக்க இயலாது. நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சாம்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

5. விளையாட்டின் விதி

இத்தனை கனத்தையும் ஏற்றிய பிறகு, இந்தக் கதைகள் அடிப்படையில் விளையாட்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அவற்றின் மகிழ்ச்சி அங்கேதான் இருக்கிறது.

மாயாவியின் வல்லமைக்குக் கறாரான விதி உண்டு. மின்சாரம் வேண்டும். தீர்ந்தால் உடல் தெரிந்துவிடும். மறுபடி மறைய மறுபடி மின்சாரம் தேடவேண்டும். பாம்புத் தீவோ பாதாள நகரமோ, கதை எங்கே நடந்தாலும் வாசகனின் கண் சுவரில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடும். தெருவில் ஐஸ்பாய் ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும்: ஒளியலாம், ஆனால் எப்போதும் ஒளிந்திருக்க முடியாது, எண்ணிக்கை முடிந்ததும் தேடி வந்துவிடுவார்கள். வேற்றுக்கோளும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம், ஒரு மின்கம்பி போதும் என்கிற எளிமை இந்த நாயகனை எட்டுகிற தூரத்தில் வைத்தது.

ஸ்பைடர் வேறு வகை. கூர்ந்த காதுகளும் சரிந்த கண்களுமாக, தற்பெருமையே உருவான ஆசாமி. குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று புறப்பட்டவன். பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்குகிறான், அதையும் தன் பெருமைக்காகவே செய்கிறான். ஹெலிகாரில் பறக்கிறான், வலைத்துப்பாக்கியால் சுடுகிறான், கூட்டாளிகளான பெல்ஹாமையும் ஆர்டினியையும் அதட்டிக்கொண்டே இருக்கிறான். நல்லொழுக்கப் பாடம் நடத்தாத நாயகனைத் தமிழ்ச் சிறுவர் இலக்கியம் அதற்கு முன் அதிகம் கொடுத்ததில்லை. அந்தச் சவடால் நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனையும் ராஜபார்ட்டையும் ஒருசேர நினைவூட்டுவது. பார்வையாளர் நம்பவேண்டியதில்லை, ரசித்தால் போதும் என்ற ஒப்பந்தம் இரண்டுக்கும் பொது.

ஸ்பைடரை உருவாக்கியவர் டெட் கோவன். ஆர்ச்சியை எழுதியவரும் அவரே. 1966 முதல் ஸ்பைடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938-இல் அந்த நாயகனின் உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டு, வாழ்நாள் முழுதும் அதை மீட்கப் போராடினார்கள். அந்தப் போராட்டத்துக்கு நடுவேதான் சீகல் இந்த ஆங்கிலேயத் தொடருக்கு எழுதினார். உலகின் முதல் சூப்பர் ஹீரோவைச் செய்த கை, இன்னொரு நாட்டு வார இதழில் பெயரில்லாமல் உழைத்தது. ஆங்கிலேய வார இதழ்கள் எழுத்தாளர், ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமே அன்று இல்லை. அந்தக் கதைகளைத் தமிழாக்கியவர்கள், எழுத்துகளைக் கட்டங்களுக்குள் பொருத்தியவர்கள், சிவகாசியில் அட்டை வரைந்தவர்கள் பலரின் பெயரும் வாசகருக்குத் தெரியாது. விஜயன் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ பகுதியில் தன் பதிப்பு அனுபவங்களை எழுதிவந்தது இந்த இருட்டைச் சற்றே விலக்கியது. அச்சுக்கூட உழைப்பின் வரலாறாக அதை யாராவது விரிவாகப் படிக்கவேண்டும்.

6. எதிர்வாதங்கள்

மாயாவியைத் தொழிலாளியின் உருவகமாகப் படிப்பதற்கு எதிரான வலுவான சான்று கதைகளிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் திருடனாகவும் அழிவுக்காரனாகவும் இருந்த கிராண்டெல் விரைவிலேயே திருந்தி, நிழல் படை என்ற இரகசிய அமைப்பில் சேர்கிறான். அதன் பிறகு அவன் கை அரசின் கை. முதலாளியை எதிர்த்து அவன் ஒருமுறைகூட நெம்புகோலைத் தொட்டதில்லை. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் உருவான பகுதியில் இது சிறிய விஷயமல்ல. கூட்டாகச் செயல்படுவது பற்றி இந்தக் கதைகளுக்கு எதுவும் தெரியாது. ஒருவனே எல்லாம்.

இனவாதம் இன்னும் கடுமையானது. ஆர்ச்சி முதலில் ‘காட்டு இயந்திரம்’ என்ற பெயரில் தொடங்கியவன். வெள்ளை இளைஞர்கள் இயக்கும் இரும்பு மனிதன் ஆப்பிரிக்கக் காடுகளில் பழங்குடிகளை அடக்குவது அக்கால ஆங்கிலேயச் சிறுவர் இதழ்களின் வாடிக்கையான கற்பனை. கறுப்புத் தோல் கொண்ட தமிழ்ப் பிள்ளை அந்தக் கட்டத்தில் யாரோடு தன்னை வைத்துப் பார்த்தான்? இரும்பு மனிதனோடுதான் என்று தோன்றுகிறது. அது ஆறுதல் தரும் விடை ஆகாது. அந்நியச் சரக்கு என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் நியாயமானது. மறுபதிப்புகள் இவற்றை ஒரு முன்னுரைகூட இல்லாமல் தருவது எனக்கு உடன்பாடில்லை.

இவை என் வாசிப்பைக் கட்டுப்படுத்துகின்றன. தகர்ப்பதாக நான் நினைக்கவில்லை. கதையின் போக்கு அரசுக்கு விசுவாசமானது. கதையின் உருவம், அதாவது மிதக்கும் அந்தக் கை, விசுவாசத்துக்கு அப்பாலும் நினைவில் நிற்கிறது. வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிழல் படையின் தலைவர் யார், எதிரி எந்த நாட்டுக்காரன் என்பதெல்லாம் மறந்திருக்கும். கை மறக்காது.

7. இன்றைய திரையும் விடுபட்ட கைகளும்

மாயாவிகளிடமிருந்து வடசென்னைக்குக் கிடைத்த இந்த விளையாட்டுச் சலுகையைத் தமிழ்த் திரைப்படம் அதற்கு அதிகம் தந்ததில்லை. ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகியவை முக்கியமான படங்கள். ஆனால் அவற்றில் இப்பகுதியின் உடல் குத்துப்படவும் குத்துவிடவும் மட்டுமே உரியது. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) காமிக்ஸின் கேலிச் சுவையைத் திரைக்குக் கொண்டுவந்தது; அதன் களம் ஒரு கற்பனைக் கௌபாய் தேசம். ‘மாவீரன்’ (2023) இன்னும் நெருங்கி வருகிறது. குடிசைப் பகுதியிலிருந்து தரமற்ற அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்ட, செய்தித்தாளுக்குப் படக்கதை வரைகிற ஒரு பயந்த இளைஞன் அதன் நாயகன். அதற்கு ஈராண்டு முன்புதான் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்டால் உதிர்ந்த சுவர்ப்பூச்சு பெருஞ்செய்தியாகியிருந்தது. மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ (2021) மாயாவியின் வாரிசு என்றே சொல்லத்தக்கது: கதைக்களம் தொண்ணூறுகள், நாயகன் தையல்காரன், எதிராளி தேநீர்க் கடையில் வேலை பார்ப்பவன், இருவருக்கும் வல்லமை தருவது ஒரே மின்னல். பழமையும் விளையாட்டும் உழைப்பாளி உடலும் ஒன்றாகச் சேர்ந்தால் தென்னிந்தியப் பார்வையாளர் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அது அண்மைச் சான்று.

ஒரு பெரிய விடுபடல் இந்த மரபு முழுவதும் தொடர்கிறது. லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதன் நாயகி ஒரு பெண். ஆனால் மாடஸ்டி பிளைசி செல்வச் சீமாட்டி, சாகசத்தை விரும்பித் தேடிப் போகிறவள். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துக் கூடையோடு பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் கையையோ, ஏற்றுமதி நிறுவனத்தில் இறால் உரித்து விரல்நுனி வெடித்தவளின் கையையோ எந்தக் கட்டத்திலும் எவரும் வரையவில்லை. அந்தக் கைகளுக்கும் மறைந்த உடல்கள் உண்டு.